திருப்பதியில் ஐந்து நாள், மலை ஏறாமல்

திருப்பதிக்குப் போய் வந்தவர்கள் மலையைப் பற்றித்தான் எழுதுவார்கள். வரிசையில் எத்தனை மணி நேரம் நின்றார்கள், சாமியை எத்தனை வினாடி பார்த்தார்கள், லட்டு இந்தத் தடவை சின்னதாக இருந்ததா என்று. நான் இந்தக் கோடையில் ஐந்து முழு நாள் திருப்பதியில் இருந்தேன். தினமும் காலையில் சத்திரத்து மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம், கார்வேட்டிநகரத்துக்குப் பக்கம். அப்பா காலத்தில் எங்களுக்கு நிலம் கிடையாது, அடுத்தவர் நிலத்தில் கூலிதான். இப்போது ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, ஒரு போர்வெல்லும் அதற்கு ஒரு மோட்டாரும் இருக்கின்றன. அந்த மோட்டாருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம் வைப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஷெட்டுக்குள் போவேன். பக்கத்து நிலத்து மோட்டார் மூன்று தடவை உள்கம்பிச் சுற்று எரிந்து ரிப்பேருக்குப் புத்தூர் போய் வந்தது. என்னுடையது ஒரு தடவைகூட நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

என் மகள் லாவண்யா ஏழாவது முடித்திருக்கிறாள். தமிழ்ப் பள்ளிக்கூடம். வீட்டில் ஓடாத டார்ச் லைட், என் பழைய செல்போன், மிக்சி எதையும் அவள் பிரிக்காமல் விட்டதில்லை. அவளுடைய அறிவியல் டீச்சர்தான் பெயர் எழுதிப் போட்டார். குழந்தைகள் தங்கள் கையாலேயே ரோபோ செய்து பழகும் முகாம், திருப்பதியில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில், திங்கள் முதல் வெள்ளி வரை. கடைசி நாள் ஒரு ஓட்டம் வைப்பார்கள். அதில் தேறும் நாலு பேருக்கு ரோபோப் பெட்டி சொந்தம், வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் உண்டு. மற்றவர்கள் செய்ததைப் பிரித்துப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கிளம்பும் முன் சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். இவள் தேறினால் மலையடிவாரம் அலிபிரியிலிருந்து நடந்தே ஏறி முடி கொடுக்கிறேன், அதுவரை மலையில் கால் வைக்க மாட்டேன் என்று. லாவண்யா பின்னால் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"உன் தலையில இருக்கிற முடிக்கு சாமி பெட்டி குடுப்பாரா நைனா?"

திங்கட்கிழமை விடியும் முன்பே பஸ் ஏறியும் தாமதமானது. புத்தூரில் பஸ் மாறி, திருப்பதியில் ஷேர் ஆட்டோ பிடித்தோம். காலேஜ் பெயரைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு வேறு ஒரு காலேஜ் வாசலில் இறக்கினான். இது இல்லை என்றேன். "இங்கே எல்லாமே காலேஜ்தான், பெரியவரே. ஏதோ ஒன்றில் சேர்த்துவிட வேண்டியதுதானே" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சொன்னதும் பொய் இல்லை. அந்த ரோட்டில் கல்லூரிகள் எங்கள் பக்கத்து மாந்தோப்பு மாதிரி வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் காவல்காரன் இருக்கிறான்.

சரியான இடத்துக்குப் போனபோது முகாம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நல்ல பெட்டிகளை எல்லாம் பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள். கடைசி மேசையில் இருந்த பெட்டி லாவண்யாவுக்கு. சொல்லிக்கொடுக்கிறவர் ஐதராபாத்திலிருந்து வந்த கீர்த்தி மேடம். இருபத்தைந்து வயது இருக்கும், ஜீன்ஸ் பேண்ட், பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ். பெற்றோர் உள்ளே இருக்கக் கூடாது, சாயந்திரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். கதவு சாத்தும்போது ஒரு பையனுடைய அப்பா இன்னொருவரிடம் தெலுங்கில் சொன்னது காதில் விழுந்தது. "அரவக் குழந்தை. அதற்கு என்ன புரியப் போகிறது?"

தெலுங்குக்காரர்கள் தமிழனை அரவம் என்பார்கள். சென்னைக்குப் போனால் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு நீ தெலுங்கா என்கிறார்கள். இங்கே வந்தால் அரவம். ரேஷன் கார்டு மட்டும் ஒரே ஊரில் இருக்கிறது.

காலேஜ் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் ரமணம்மா. சூளூர்பேட்டையில் கருவாட்டு வியாபாரம். அவர் மகள் ஸ்வப்னாவும் முகாமில் இருந்தாள். நான் தமிழில் முனகியதைக் கேட்டு அவரே பேச்சுக் கொடுத்தார்.

"சத்திரத்துல கருவாட்டு வாசனைன்னு தொரத்திடுவாங்கோன்னு ஒரு வாரமா தலைக்கு ஊத்திக்கினு வந்தேண்ணா. வாசனை அடிக்குதா சொல்லு."

"இல்லம்மா."

"பொய் சொல்றே. பரவால்ல, நல்ல மனுசன்."

சாயந்திரம் லாவண்யா வாடிய முகத்தோடு வந்தாள். பெட்டியில் ஒரு சக்கரத்துக்கு ரப்பர் இல்லை. வெறும் பிளாஸ்டிக் சக்கரம் வழுக்குகிறது, வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கிறது. மேடத்திடம் சொன்னதற்கு வேறு பெட்டி இல்லை, நீயே ஒரு வழி யோசி, இன்ஜினியர் என்றால் அதுதான் என்றாராம். மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் வைக்கவில்லை.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பங்க்சர் கடை. லாவண்யா நோட்டில் சக்கரத்தின் அளவைக் கோடு போட்டு எடுத்து வந்திருந்தாள். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, எந்த வண்டிக்கு என்று தெலுங்கில் கேட்டார். ரோபோவுக்கு என்றாள். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. பழைய சைக்கிள் டியூபை எடுத்துக் கத்தரியால் குறுக்கே வெட்டி மூன்று வளையம் போட்டுக் கொடுத்தார். ஒன்று கிழிந்தால் இன்னொன்று என்றார். காசு வாங்கவில்லை. அந்த ஊரில் எனக்குப் பிடித்த மனிதர் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலையில்லை. சந்திரகிரிக்கு பஸ் ஏறினேன். கோட்டை, உள்ளே அரண்மனை. வெயிலில் கல் எல்லாம் கொதித்தது. ஒரு வாத்தியார் தன் மாணவர்களைக் கூட்டி வந்து, மரமே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது என்று விளக்கிக்கொண்டிருந்தார். எந்த ராஜா எத்தனை வருஷம் இருந்தார் என்றும் சொன்னார். கல்லைத் தூக்கி மேலே கொண்டுபோனவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களாகத்தான் இருக்கும். கட்டி முடித்ததும் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள்.

அங்கே ஒரு ஓட்டலில் ராகி சங்கட்டி என்று பெரிய பலகை. உட்கார்ந்தால், எங்கள் வீட்டில் தினமும் தின்னும் களி. வேர்க்கடலைச் சட்னியோடு வாழையிலையில் வைத்து, கிராமத்துச் சாப்பாடு என்று கொடுக்கிறார்கள். சிறுவயதில் களி கொண்டுபோனதற்குப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். இப்போது கார் வைத்திருப்பவர்கள் வரிசையில் நின்று தின்கிறார்கள்.

புதன்கிழமை லாவண்யா சிரித்துக்கொண்டே வந்தாள். டியூப் வளையம் போட்ட சக்கரம் மற்ற எல்லாச் சக்கரத்தையும்விட நன்றாகப் பிடிக்கிறதாம். மேடம் அவள் வண்டியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாராம். சத்திரத்து அறையில் நோட்டைத் திறந்து படம் போட்டுக் காட்டினாள்.

"இங்க பாரு நைனா. வெள்ளைத் தரையில கறுப்புக் கோடு போட்டிருக்கும். வண்டி அது மேலயே போவணும். ரிமோட்டு கிடையாது, யாரும் தொடக் கூடாது."

"அப்புறம் அதுக்கு எப்படித் தெரியும்?"

"அடியில முன்னாடி ரெண்டு கண்ணு இருக்குது. அது தரையப் பாத்துக்கினே போவும். கோடு தப்பினா கண்ணு சொல்லிடும், சக்கரம் திரும்பிடும்."

கண் என்றுதான் சொன்னாள். எனக்கு அந்தச் சொல் மனதில் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை ரமணம்மா மலைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். வேண்டுதலைச் சொன்னேன்.

"நாளைக்குத் தேறிட்டப்புறம் தானா போவே? இன்னிக்கு வியாழக்கிழமைண்ணா. மத்த நாள்ல பெரிய நாமம் சாமி கண்ணை மறைச்சிக்கினு இருக்கும். இன்னிக்குத்தான் சின்னதாக்குவாங்கோ. கண்ணு தெரியும்."

"தெரியும்மா. நேத்திர தரிசனம்."

"தெரிஞ்சிக்கினே வர மாட்டேன்றியா? சரி, உன் பங்குக்கும் நானே பாத்துட்டு வரேன்."

இருட்டும் நேரத்தில் பிரசாதத்தோடு வந்தார். முகம் கழுவியது மாதிரி இருந்தது. கண்ணைப் பார்த்தேன், பார்த்த பிறகு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை என்றார். பிறகு வழக்கம்போலப் பேச்சு மாறியது. அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் ராக்கெட் விடுகிறார்கள். விடும்போது அவர் வீட்டு ஜன்னல் அதிருமாம்.

"அவ்ளோ பெரிய ராக்கெட்டு. அதை விடறதுக்கு முன்னாடி அதே மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சி இங்க சாமி கிட்ட வெச்சு எடுத்துக்கினு போறாங்கோண்ணா. படிச்சவங்கோ."

எனக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. காலையிலேயே குளித்துவிட்டு, கீழே ஊருக்குள் இருக்கும் கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் போனேன். சந்தனம், மஞ்சள், குங்குமம் வாங்கி சாமி பாதத்தில் வைத்துத் தரச் சொன்னேன். துளசித் தீர்த்தம் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். புது வண்டி எடுத்தால் சக்கரத்தின் கீழ் வைப்போமே என்று எலுமிச்சம்பழமும் நாலு வாங்கினேன்.

பெற்றோரை அன்று உள்ளே விட்டார்கள். பிள்ளைகள் டிபனுக்குப் போயிருந்தார்கள். மேசைகளின் மேல் ரோபோக்கள் வரிசையாக இருந்தன. லாவண்யாவுடையது எதுவென்று டியூப் வளையத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். உள்ளங்கை அளவு. ஒயர், சின்னச் சின்னத் தகடு, இரண்டு சக்கரம். பக்கத்தில் தெலுங்கில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. தொடாதீர்கள் என்று எழுதியிருந்ததாகப் பிறகு தெரிந்தது. படிக்கத் தெரிந்திருந்தாலும் தொட்டிருப்பேன். என் மகள் செய்ததுதானே.

எலுமிச்சம்பழம் அதற்கு முன்னால் பூசணிக்காய் மாதிரி இருந்தது. பையிலேயே விட்டுவிட்டேன். தீர்த்தத்தில் சந்தனமும் மஞ்சளும் குழைத்தேன். மேலே பேட்டரிப் பெட்டியில் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு கோழிக்குஞ்சைத் தூக்குவது மாதிரித் தூக்கித் திருப்பினேன். அவள் படத்தில் காட்டிய இடத்தில் இரண்டு கண்ணும் இருந்தன, எள் அளவுக் கறுப்பும் வெள்ளையுமாக. ஒயரில் ஈரம் படக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். இரண்டு கண்ணுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். கோவிந்தா என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

லாவண்யா வந்தாள். பேட்டரிப் பெட்டிமேல் பொட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பித் தலையில் அடித்துக்கொள்வது மாதிரிச் சைகை செய்தாள். சிரித்துக்கொண்டுதான். அடியில் அவள் பார்க்கவில்லை.

பெரிய மேசையில் வெள்ளைப் பலகை, அதில் வளைந்து வளைந்து கறுப்புக் கோடு. ஒவ்வொருவருக்கும் மூன்று தடவை. ஸ்வப்னாவுடைய வண்டி இரண்டாவது தடவையில் முழுக்கோடும் சுற்றி வந்தது. ரமணம்மா எழுந்து நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு லாவண்யாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் வண்டியை வைத்துச் சுவிட்சைத் தட்டினாள். அது கோட்டைப் பார்க்கவே இல்லை. கண் கட்டிவிட்ட மாடு மாதிரி நேராகப் போய்ப் பலகையை விட்டு இறங்கியது. இரண்டாவது தடவையும் அப்படியே போய் மேசை விளிம்பைத் தாண்டியது, மேடம் கையில் பிடித்தார். அரவக் குழந்தை என்று சொன்னவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

லாவண்யா வண்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்ததும் எனக்கும் புரிந்தது. அவள் கண்மேல் இருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, துப்பட்டா நுனியால் துடைத்தாள். காய்ந்த சந்தனம் சீக்கிரம் போகாது. மூன்றாவது தடவை வண்டி கோட்டைப் பிடித்தது. முதல் வளைவு திரும்பியது. இரண்டாவது வளைவில் தடுமாறி, நடுங்கி, வெளியே போய்விட்டது.

கீர்த்தி மேடம் வண்டியை எடுத்து அடியில் விரலால் தடவினார். விரலில் மஞ்சள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரலைத் தூக்கிப் பிடித்துத் தெலுங்கில் கேட்டார்.

"இது யார் வைத்தது?"

பெற்றோர் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேளுங்கள். வேறு யாராவது தொட்டுக் கெடுத்திருந்தால் விதிப்படி இந்தப் பெண்ணுக்கு இன்னும் மூன்று தடவை தரலாம். சுத்தம் செய்து தருகிறேன். அவளே செய்திருந்தால் அது அவள் தவறு. யார் வைத்தது?"

எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். நான்தான் மேடம், குழந்தைக்குத் தெரியாது என்று தெலுங்கில் சொல்ல வேண்டிய வார்த்தைகள் நாக்கு வரை வந்து நின்றன. அந்த அறையில் கண்ணாடி போட்டவர்கள், சட்டையை உள்ளே விட்டவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். சந்தனம் குழைத்த என் விரல் இன்னும் மஞ்சளாக இருந்தது. அந்தக் கையை மடக்கி எலுமிச்சம்பழப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

லாவண்யா என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று பார்த்தாளா, சொல்லு என்று பார்த்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லாதே என்றுதான் பார்த்தாள் என்று அந்த நேரத்தில் வைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

"நான்தான் மேடம்" என்றாள் தெலுங்கில்.

மேடம் விரலை இறக்கினார். "கண்ணை விரலால் தொடக் கூடாது என்று மற்ற பிள்ளைகளுக்கு நீதானே சொல்லிக்கொண்டிருந்தாய்" என்றார். பிறகு தாளில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பின்னால் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். ரோபோவுக்கு மொட்டையும் போட்டுவிட வேண்டியதுதானே என்று ஒரு குரல்.

தேறின நாலு பேரில் ஸ்வப்னாவும் ஒருத்தி. மற்ற பிள்ளைகள் உட்கார்ந்து பிரித்தார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் பெட்டியில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். சில பிள்ளைகள் அழுதார்கள். லாவண்யா அழவில்லை. சக்கரம், மோட்டார், தகடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள். கடைசியாக இரண்டு கண்ணையும் பஞ்சில் மருந்து தொட்டுத் துடைத்தாள். சுத்தமாகும் வரை துடைத்தாள். மேடம் பெட்டியைச் சரிபார்த்துவிட்டு டியூப் வளையத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தார். "இது எங்களுடையது இல்லை, உன்னுடையது" என்றார்.

வாசலில் ரமணம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"நீதானே?"

நான் தலையை ஆட்டினேன்.

"ராக்கெட்டு செய்றவங்கோ சாமி கிட்ட காட்டிட்டுத்தான் போறாங்கோ. அது கண்ணுல சந்தனம் அப்பிட்டுப் போறதில்லைண்ணா." கையை விட்டு என் முகத்தைப் பார்த்தார். "சரி, அதாச்சும் தெரியாம பண்ணினே. அந்த டீச்சர் பொண்ணு கேட்டுக்கினே இருந்திச்சே, அப்போ இன்னாத்துக்கு வாய மூடிக்கினு இருந்தே?"

பதிலுக்கு நிற்காமல், ஸ்வப்னாவின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. லாவண்யா டியூப் வளையத்தை மணிக்கட்டில் போட்டிருந்தாள். நான் பலாச்சுளை வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். பஸ் திரும்பும் இடத்தில் மலை தெரிந்தது. பஸ்ஸில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் எலுமிச்சம்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மோட்டாருக்குப் பொட்டு வைக்கப் போனபோது அவள் பின்னாலேயே வந்தாள். "மேல வை நைனா. காத்து போற ஓட்டையில வெக்காதே" என்றாள். திருப்பதியைப் பற்றி அவள் சொன்னது அதுதான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரிக்கு நான் நடந்ததை முழுக்கச் சொல்லவில்லை. வண்டி ஓடவில்லை என்று மட்டும் சொன்னேன். போன வாரம் அவள் மலைக்குப் போய் வரலாமா என்று கேட்டாள். தேறினால்தானே வேண்டுதல் என்று இழுத்தேன். வாசலில் எதையோ முறுக்கிக்கொண்டிருந்த லாவண்யா தலையைத் தூக்கினாள்.

"வேண்டுதல் இல்லன்னா இன்னா நைனா, சும்மா பாத்துட்டு வரலாம். வியாழக்கிழமை போலாம். அன்னிக்குத்தான் சாமி கண்ணு தெரியுமாம்."

போகலாம் என்றேன். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம் என்றேன்.